அந்தச் சங்குக்கு யார் சொன்னது?

போன மாதம், இப்போது கடையில் மணிக்கூடு பழுதுபார்க்கும் உங்களில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தீர்கள். மரியாதைக்கு ஒரு பிஸ்கட் பெட்டி, கூடவே ஒரு கேள்வி. "ஐயா, தேயிலைத் தோட்டத்து மணிக்கூட்டை அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளி வெக்கச் சொல்றாங்க. தள்ளலாமா, கூடாதா?"

முதலில் தேத்தண்ணியைக் குடியுங்கள் என்றேன். பெரியவர் ஆழமாக யோசிக்கிறார் என்று நினைத்திருப்பீர்கள். உண்மையில் பேசியது உங்கள் இருவரில் யார் என்று தேடிக்கொண்டிருந்தேன். சின்னச் சின்னப் பல்சக்கரங்களை முறைத்து முறைத்து, என் கண்கள் எனக்கு முன்னாலேயே ஓய்வு எடுத்துக்கொண்டன. அவற்றைத் தனியாக அனுப்ப மனமில்லாமல்தான் நானும் வேலையை விட்டேன்.

உங்கள் கேள்விக்கு ஒரு வரியில் பதில் உண்டு. ஆனால் ஒரு வரிப் பதில், தோட்டத்தை நடத்தும் துரை இடுப்பில் கைவைத்து நிற்கும்போது ஞாபகத்துக்கு வராது. நடந்த கதை வரும். அதனால் கதையாகவே எழுதுகிறேன்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த வருஷம், ஹட்டன் பஜாரில் இருந்த மணிக்கூட்டுக் கடையில் சேர்ந்தேன். முதலாளியின் பெயரை இங்கே எழுதவில்லை. உயிரோடு இருந்தபோதே கடைப் பலகையில் தன் பெயரைப் போட மறுத்த மனிதர் அவர். நான் சேர்ந்த முதல் நாள், மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார்.

"மணி என்ன தம்பி?"

"ஒம்பதே கால், முதலாளி."

"யாரு சொன்னது?"

"என் கடியாரம்தான்."

"அதுக்கு யாரு சொன்னது?"

"நேத்து பேக்கரிக் கடியாரத்தப் பார்த்து வெச்சேன்."

"பேக்கரிக் கடியாரத்துக்கு?"

முழித்தேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் சிரித்தார்.

"ஊரு பூரா இதான் நடக்குது. ஒருத்தன் கடியாரத்தப் பார்த்து இன்னொருத்தன் வெச்சுக்கிறான். நூறு பேரு ஒரே நேரத்தச் சொன்னா, அது சரியான நேரம்னு ஆயிருமா? நூறு பேரும் ஒரே ஆள்கிட்டக் கேட்டிருப்பான். யாரு சொன்னதுன்னு கேட்டுக்கிட்டே போ. கடைசியா ஒரு எடத்துல பதில் நிக்கணும். நிக்கலேன்னா உன் கையில நேரம் இல்ல. சும்மா ரெண்டு முள்ளுதான் இருக்கு."

பதில் நிற்கிற இடம் ஹட்டன் ஸ்டேஷன். தினமும் காலையில் குறித்த நேரத்துக்குச் சற்று முன்னால், ஓயாமல் கடகடவென்று பேசிக்கொண்டிருக்கும் தந்திக் கருவி வாயை மூடிக்கொள்ளும். ஸ்டேஷன் மாஸ்டர் கையைத் தூக்குவார். அறையில் யாரும் இருமக்கூட மாட்டார்கள். கொழும்பில் நட்சத்திரத்தைப் பார்த்துக் கணித்த நேரம், கம்பி வழியாக மலையேறி வந்து ஒரே ஒரு தட்டுத் தட்டும். அந்தத் தட்டுக்கு நான் என் பைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வேன். பிறகு அதை நெஞ்சோடு ஒட்டிய உள்பையில் போட்டு, மேலே கம்பளி போர்த்திக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவேன். தேயிலை அரைக்கும் ஸ்டோர், டிஸ்பென்சரி, பள்ளிக்கூடம் என்று எங்கெல்லாம் சுவரில் மணிக்கூடு தொங்குகிறதோ, அங்கெல்லாம் சாவி கொடுத்து, எண்ணெய் போட்டு, கொழும்பு நேரத்தை இறக்கி வைப்பதுதான் வேலை. மற்றவர்கள் தலையில் கருவாடு சுமந்து போனார்கள். நான் நேரம் சுமந்து போனேன். கருவாட்டுக்காரருக்குக் கிடைத்த வரவேற்பு எனக்குக் கிடைத்ததில்லை.

ஒரு தடவை வட்டகொடைப் பக்கம் மழையில் வழுக்கி, தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தேன். முட்டி பெயர்ந்தது. ஆனால் கடிகாரத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடியே விழுந்திருக்கிறேன். மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "ஏ, பாருங்கடி, கடியாரக்காரரு கானுக்குள்ள நின்னு யாருக்கோ ஆரத்தி எடுக்குறாரு!" என்றாள். அதன் பிறகு அந்தத் தோட்டத்தில் எனக்கு ஆரத்திக்காரர் என்றே பெயர்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். தோட்டத்து நேரம் என்று ஒன்று அப்போதே உண்டு. காலையில் ஆட்களை, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குக் கூப்பிட ஸ்டோரில் சங்கு ஊதுவார்கள். ஆறு மணிச் சங்கு என்று பெயர். ஸ்டோர் மணிக்கூட்டை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்துவிட்டால், ஐந்தரைக்கே ஆறு மணி வந்துவிடும். ஆட்கள் இருட்டோடு வந்து நிற்பார்கள். நான் சரிசெய்து வைப்பேன், நான் கேட்டைத் தாண்டுவதற்குள் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் முள்ளைத் தள்ளிவிடுவார். சலித்துப்போய், "அவங்க எப்பிடியும் தள்ளத்தான் போறாங்க, நானே தள்ளி வெச்சிட்டு வந்துர்றேனே" என்று முதலாளியிடம் கேட்டேன்.

"அது அவங்க மணிக்கூடு, அவங்க தள்ளட்டும். தள்ளுறது அவங்க வெரலா இருக்கணும். முள்ளு மேல உன் வெரலு இருக்குறப்ப, யாரு சொன்னதுன்னு கேட்டா உனக்குப் பதில் இருக்கணும்" என்றார். "இன்னொன்னு. சரியான நேரத்த வாயால சத்தமாச் சொல்லிட்டு வா. அங்க நிக்கிற எல்லாருக்கும் கேக்கட்டும்."

ஒரு வரிப் பதில் அதுதான். அதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதுதான் கதை.

அறுபதுகளின் தொடக்கம். ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில், வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டம். கானில் விழுந்தேனே, அதே தோட்டம்தான். ஸ்டோரில் மணிக்கூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கம்போல நாலு பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். என் வாய்க்கும் ஒரு நல்ல மணிக்கூடு மாதிரி, சாவி கொடுத்துவிட்டால் எட்டு நாள் ஓடும்.

"இந்தச் சங்குச் சத்தத்துல பொறந்த பிள்ளைங்கதான் பாவம்" என்றேன். "பொறக்குறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே பொறந்துட்டாங்க. யுத்த காலத்துல பொறந்ததுங்க இன்னும் மோசம். அப்ப சர்க்காரே நாட்டு நேரத்த ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளி வெச்சிருந்திச்சு. சர்க்காரு ஒரு மணி, தொரை அரை மணி. ஆகமொத்தம் ஒன்னரை மணி நேரம் ஆத்தா வயித்துக்குள்ள இருக்குறப்பவே பெரட்டுக்கு வந்தாச்சு!"

எல்லாரும் சிரித்தார்கள். அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த சின்னையா அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கையில் விறகோடு என்னையே பார்த்தார். புகை கண்ணில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஹட்டனில் கடை வாசலில் நின்றார். கல்யாணத்துக்குப் போடும் கோட்டுப் போட்டிருந்தார்.

"தம்பி, அன்னைக்குச் சொன்னது வெளையாட்டா, நெசமா?"

"எது அண்ணே?"

"யுத்த காலத்து நேரம். எம்மக சிவகாமி யுத்த காலத்துலதான் பொறந்தா. ஆறு மணிச் சங்கு ஊதுது, இவ வந்து விழுறா. அத வெச்சுத்தான் சாதகம் எழுதினது. எட்டுல செவ்வாய்னு எழுதிட்டாங்க தம்பி. கட்டுறவனுக்கு ஆகாதுன்னு."

அவரை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை, நின்றபடியே சொன்னார். சிவகாமிக்கு முதலில் வந்த சம்பந்தம் ஜாதகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. இரண்டாவது வந்த பையனுக்கு இன்னும் வெற்றிலைகூட மாற்றவில்லை, பேச்சுத்தான் நடந்தது. அதற்குள் மழைக்காலத்தில் ரோட்டு வேலைக்குப் போன இடத்தில் மண்மேடு சரிந்து செத்துப்போனான். அன்றிலிருந்து தோட்டத்தில் யாரும் அவளைக் கல்யாண வீட்டில் குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிடுவதில்லை. அந்தப் பையனின் தாய் இவளைக் கண்டால், தலைக் கூடையோடு வேறு பாதையில் இறங்கிப் போகிறாள். இப்போது அக்கரப்பத்தனையிலிருந்து மூன்றாவது சம்பந்தம். பையனுக்கும் அவன் தாய்க்கும் பெண்ணைப் பிடித்துவிட்டது. ஜாதகத்தில்தான் நிற்கிறது.

"ஜோசியர்கிட்ட நீங்க சொன்னதச் சொன்னேன்" என்றார். "அவரு கணக்குப் போட்டுப் பார்த்தாரு. ஒரு மணி நேரம் பின்னுக்குப் போனா ஒன்னும் மாறல, செவ்வாய் எட்டுலயேதான் நிக்குதாம். ஒன்னரை மணி நேரம் போனா லக்னமே மாறிருதாம். செவ்வாய் ஒம்பதுக்குப் போயிருமாம், தோஷமே இல்லயாம். வர்ற ஞாயித்துக்கெழம ரெண்டு வீட்டாரும் மாரியம்மன் கோயில்ல கூடுறாங்க. கடியாரக்காரர் வந்து சொல்லட்டும்னு ஜோசியரு சொல்லிட்டாரு. வந்து ஒன்னரைன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க தம்பி."

உள்ளே கைக்கடிகாரம் ஒன்றைத் திறந்து வைத்திருந்த முதலாளி தலையைத் தூக்கவில்லை. சின்னையா அண்ணன் போன பிறகுதான் கேட்டார்.

"ஒன்னரைன்னு யாரு சொன்னது?"

அப்போதுதான் என் கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு மணி நேரம் சர்க்கார் தள்ளியது நிச்சயம், நாடு முழுக்கத் தெரியும். ஆனால் அதற்கு மேலே தோட்டம் தன் அரை மணியையும் அப்போது வைத்திருந்ததா? சர்க்காரே தள்ளிவிட்டதே, நமக்கு வேலை மிச்சம் என்று விட்டுவிட்டதா? எனக்குத் தெரியாது. யுத்த காலத்தில் நான் அந்தத் தோட்டத்துப் பக்கமே போனதில்லை. ஸ்டோரில் நான் சொன்னது ஒரு சிரிப்புக்கு. சிரிப்புக்குப் போட்ட கணக்கில் ஒரு பெண்ணின் கழுத்து மாட்டிக்கொண்டது.

அந்த வாரம் வட்டகொடைக்கு இரண்டு தடவை போனேன். பழைய டீமேக்கர் காலமாகியிருந்தார். வேலையை விட்டிருந்த பழைய வாட்சர், "அரை மணியா? தொரை அத விடுவாரா? இருந்துச்சு" என்றார். அவர் சின்னையா அண்ணனுக்குச் சம்பந்தி முறை. ஒரு பழைய கங்காணி, "அதெல்லாம் இல்ல, சர்க்கார் நேரத்துக்கே நாங்க குளிர்ல செத்தோம்" என்றார். அவருக்குச் சின்னையா அண்ணனோடு பழைய சண்டை. பெண்ணின் தாயைக் கேட்டேன். சங்கு ஊதியபோதே கீழே மெயில் ரயிலும் கூவியது, அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றார். எனக்கு உயிர் வந்தது. ரயில் சர்க்கார் நேரத்தில் ஓடுவது, அதைப் பிடித்துக்கொண்டால் சங்கைக் கண்டுபிடித்துவிடலாம்! ஓடிப்போய் ஸ்டேஷனில் ஒரு பழைய கேட் கீப்பரைப் பிடித்தேன்.

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "யுத்த காலத்து மெயிலா? பட்டாளத்துச் சாமான் ஏத்துன மெயிலு தம்பி. அது வந்த நேரம் சாமிக்குக்கூடத் தெரியாது. வந்தா வந்துச்சு" என்றார்.

அவ்வளவுதான். எல்லாக் கம்பியும் அறுந்துவிட்டது.

மலையேறித் திரும்பும் பாதையில், கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சிவகாமி நின்றாள். என்னைச் சித்தப்பா என்று கூப்பிட்டாள். முப்பதைத் தாண்டிக் கொஞ்சமே ஆனவனுக்கு அது சற்று வலிக்கும், இருந்தாலும் சமாளித்துக்கொண்டேன்.

"சித்தப்பா, ஞாயித்துக்கெழம என்ன சொல்லப் போறீங்க?"

"உங்கப்பா ஒன்னரைன்னு சொல்லச் சொல்றாரு, தாயி."

"அது நெசமா?"

"தெரியல. விசாரிச்சுப் பார்த்துட்டேன். இனிமே தெரிய வழியும் இல்ல. ஆனா சொன்னா உனக்கு நல்லது நடக்கும். யாருக்கு நட்டம்?" கூடவே வழக்கம்போல ஒரு பகடியையும் சேர்த்தேன். "செவ்வாய்க்கும் எட்டாம் வீட்டுல இருந்து இருந்து அலுத்துப் போயிருக்கும். ஒம்பதுக்குக் குடி போகட்டுமே."

அவள் சிரிக்கவில்லை. தலையிலிருந்து கூடைக் கயிற்றை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"ஏற்கெனவே ஒருத்தர் சாவ என் தலையில ஏத்தி வெச்சிருக்காங்க சித்தப்பா. அவரு மொகத்த நான் ஒழுங்காப் பார்த்ததுகூட இல்ல. இப்ப நீங்க ஒன்னரைன்னு சொல்லி, கல்யாணமும் ஆகி, நாளைக்கு இந்த மனுசனுக்கு ஒரு காய்ச்ச வந்தாக்கூட என்ன சொல்லுவாங்க தெரியுமா? கடியாரக்காரன் தள்ளி வெச்ச நேரம், செவ்வாய் எங்கயும் போகல, எட்டுலயேதான் இருந்திச்சுன்னு சொல்லுவாங்க. நானே ராத்திரி பூரா அவரு மூச்சு விடுறாரான்னு பார்த்துக்கிட்டு ஒக்காந்திருப்பேன். அந்தப் பொழப்பு எனக்கு வேணாம். தெரிஞ்சதச் சொல்லுங்க. தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லுங்க."

"அப்புறம் சம்பந்தம் முறிஞ்சு போச்சுன்னா?"

"முறியட்டும். அது என் பாரம். நீங்க பொய்யக் குடுத்தா அதையும் சேத்துல்ல நான் சொமக்கணும்?"

கங்காணி சத்தம் போட்டார். அவள் கூடையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் என் பகடியை மடித்து உள்பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கோயிலுக்கு முன்னால் பாய் விரித்திருந்தார்கள். ஒரு பக்கம் சின்னையா அண்ணன் வீட்டார். எதிரே பையனின் தாய் அழகம்மா, கூட அவர்கள் பக்கத்துப் பெரியவர்கள். நடுவில் ஜோசியர், மடியில் இரண்டு ஜாதகம். சிவகாமி தூணுக்குப் பின்னால் நின்றாள். தோட்டத்தில் பாதி வந்திருந்தது. அந்தச் செத்துப்போன பையனின் தாயும் கூட்டத்துக்குப் பின்னால் நிற்பதைக் கண்டேன்.

நான் கோட்டும் டையும் போட்டுப் போயிருந்தேன். சாட்சி சொல்லப் போகிறவன் கொஞ்சம் கெத்தாக இருக்க வேண்டாமா? வெயிலில் டை கழுத்தை இறுக்கியபோதுதான், அது எதற்குப் பயன்படும் என்று விளங்கியது.

ஜோசியர் கேட்டார். "நீங்கதானே அரசாங்க நேரம் கொண்டுவர்ற ஆளு? சொல்லுங்க. பிள்ளை பொறந்தப்ப ஊதின சங்கு, சரியான நேரத்துக்கு எவ்வளவு முந்தி? ஒரு மணியா, ஒன்னரையா?"

சின்னையா அண்ணன் என்னையே பார்த்தார். அடுப்புக்கு முன்னால் பார்த்த அதே பார்வை.

"சர்க்கார் தள்ளினது ஒரு மணி நேரம். அதுக்கு நான் பொறுப்பு, யாரு கேட்டாலும் சொல்லுவேன்" என்றேன். "தோட்டம் அதுக்கு மேல தள்ளிச்சா, இல்லையா, அது எனக்குத் தெரியாது. விசாரிச்சேன். இன்னைக்கு யாருக்குமே தெரியாது. நான் ஸ்டோர்ல ஒன்னரைன்னு சொன்னது சிரிக்கிறதுக்காகச் சொன்னது. அந்தச் சங்குக்கு யாரு நேரம் சொன்னதுன்னு கேட்டா, எங்கிட்டப் பதில் இல்ல."

சின்னையா அண்ணன் எழுந்தார். "வெளையாட்டுக்குச் சொன்னியா?" என்றார். அதுவரை வாங்க போங்க என்று பேசியவர். "என் வவுத்தெரிச்சல வெச்சு வெளையாடினியா?"

அந்தச் சொல்லுக்கு நான் எந்தப் பகடியும் வைத்திருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். ஜோசியர் ஜாதகத்தைச் சுருட்டினார். "ஒரு மணின்னா செவ்வாய் எட்டுலதான். ஒன்னரைன்னு நிரூபணம் இல்ல. நான் எப்படி..."

"இருங்க சாமி."

சொன்னது அழகம்மா. மெலிந்த உடம்பு, கணீரென்ற குரல்.

"எம்மவன் சாதகத்தையும் மடியிலதானே வெச்சிருக்கீங்க. அது எந்த நேரத்துக்கு எழுதினது?"

"உங்க வீட்டுல சொன்ன நேரத்துக்குத்தாம்மா. காலையில ஆறு மணி."

"ஆறு மணின்னு கடியாரத்தப் பார்த்தவுக யாரும் இல்ல. அக்கரப்பத்தனையில எங்க டிவிசன்ல பெரட்டுக்குக் கொம்பு ஊதுவாங்க. கொம்பு ஊதுறப்ப பொறந்தான், அம்புட்டுத்தான். இவனும் யுத்த காலத்துப் பிள்ளதான். அந்தக் கொம்பு ஊதினவனுக்கு யாரு நேரம் சொன்னது?"

ஜோசியர் மடியிலிருந்த மற்றச் சுருளை எடுத்து விரித்தார்.

"இந்தப் பொண்ணு சாதகம் சரியில்லேன்னா எம்மவன் சாதகமும் சரியில்ல. எந்த வீட்டுல எந்தக் கெரகம் நிக்குதுன்னு அவனுக்கும்தான் தெரியாது. அவனால இந்தப் பிள்ளைக்கு ஆகாதுன்னு நான் வந்து சொல்றேனா? இந்த மலையில லயத்து வீட்டுல பொறந்த அத்தன பேரும் சங்குக்கும் கொம்புக்கும் பொறந்தவுகதான் சாமி. ஒருத்தருக்காவது நேரம் இருக்கா?"

ஜோசியரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் நேர்மையான மனிதர். இரண்டு சுருளையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நேரம் தெரியலேன்னா இது சாதகமில்லம்மா, வெறும் கட்டம்தான்" என்றார். அந்தந்த வீட்டுச் சுருளை அந்தந்த வீட்டாரிடமே கொடுத்துவிட்டார். "சாதகம் இல்லாதவுங்க பூக்கட்டிப் பார்க்குறது வழக்கம்தானே. அம்மன் முன்னாடி கட்டிப் பாருங்க."

செவ்வரளி ஒன்று, வெள்ளை நந்தியாவட்டை ஒன்று. இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்துக் கட்டினார்கள். வெள்ளை வந்தால் சம்மதம் என்று பேச்சு. அம்மன் காலடியில் போட்டுவிட்டு, எடுக்க ஒரு சின்னப் பிள்ளையைத் தேடினார்கள். கூட்டத்துக்குப் பின்னால் அந்தச் செத்துப்போன பையனின் தங்கை, தாயின் சேலையைப் பிடித்தபடி நின்றாள். பூசாரி விஷயம் தெரியாமல், "இங்க வா பாப்பா" என்று அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

எல்லார் முகமும் மாறியது. சிவகாமி தூணைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தாய் பிள்ளையைப் பின்னால் இழுத்துக்கொள்ளப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் சற்று நேரம் சிவகாமியைப் பார்த்தாள். எத்தனையோ நாளாகப் பாதை மாறிப் போனவள், அன்றுதான் நேராகப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் முதுகில் கைவைத்து மெதுவாக முன்னே தள்ளிவிட்டாள். "போடி. எடுத்துக் குடு."

வெள்ளைதான் வந்தது. ஆனால் தம்பிகளே, சிவகாமி பூ வந்த பிறகு அழவில்லை. அந்தக் கை பிள்ளையின் முதுகைத் தள்ளியபோதே அழுதுவிட்டாள்.

அன்று சின்னையா அண்ணன் என்னோடு பேசவில்லை. ஆனால் கல்யாணப் பத்திரிகை கடைக்கு வந்தது. போனேன். முதலாளியும் வந்தார். நடந்ததையெல்லாம் அவரிடம் சொல்லியிருந்தேன். ஏதாவது பாராட்டுவார் என்று பார்த்தேன். "பந்தியில வடையக் குடுக்காம ஏன் பார்த்துக்கிட்டிருக்கே, இந்தப் பக்கம் தள்ளு" என்றார். தள்ளலாம் என்று அவர் என்னிடம் சொன்ன ஒரே பொருள் அதுதான்.

ஆகவே, நேரம் சொல்லுகிற தொழிலில் இருப்பவனுக்கு எல்லா நேரமும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவில் உள்ள கோட்டைத் தெரிந்திருந்தால் போதும். உங்களிடம் யாராவது ஒரு நேரத்தைக் கெஞ்சிக் கேட்பார்கள், அதட்டிக் கேட்பார்கள். கெஞ்சுகிறவரிடம்தான் அதிகம் கவனமாக இருக்க வேண்டும். அதட்டுகிற துரைக்கு இல்லையென்று சொல்லிவிடலாம். கோட்டுப் போட்டுவந்து வாசலில் நிற்கிற தகப்பனுக்குச் சொல்வது கஷ்டம்.

கல்யாணமாகி இரண்டாம் வருஷம். காலையில் ஸ்டேஷனில் நேரம் வாங்கிக்கொண்டு வட்டகொடைக்குப் போனேன். டிஸ்பென்சரி மணிக்கூட்டைத் திறந்து வைத்திருந்தபோது, உள் அறையிலிருந்து பிள்ளை அழுகிற சத்தம். சின்னையா அண்ணன் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீடு வந்திருக்கிறாள். நான் அந்தக் கணமே பைக்கடிகாரத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டேன். தந்தித் தட்டிலிருந்து நேராக வந்த நேரம். டீமேக்கர் விரல் படாதது, துரை கண் படாதது. இந்த மலையில் அப்படி ஒரு பிள்ளை இதற்கு முன் பிறந்திருக்காது.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். சிவகாமி சோர்ந்து படுத்திருந்தாள். பக்கத்தில் பிள்ளையோடு அழகம்மா. நான் கடிகார மூடியைத் திறந்து, கவர்னர் பேசுவதுபோல நெஞ்சை நிமிர்த்தினேன்.

"தாயி, சரியான நேரம் வெச்சிருக்கேன். யாரு சொன்னதுன்னு கேட்டா கொழும்பு வரைக்கும் பதில் இருக்கு. சொல்லவா? எழுதிக்கிறியா?"

சிவகாமி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் அவளைப் பார்த்தார்.

"வேணாம் சித்தப்பா" என்றாள். "வெயில் ஏறி, கொழுந்து நிறுக்கப் போற நேரத்துல பொறந்தான். அது போதும். அத உள்ள வெச்சிட்டுப் பிள்ளையப் பிடிங்க. ரெண்டு கையாலயும் பிடிங்க."

இத்தனை வருஷம் நேரம் சுமந்து திரிந்ததில், சரியான நேரத்தைக் கொண்டுபோயும் வேண்டாம் என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். மூடியை மூடி, உள்பையில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டினேன்.